வாட்ஸ்அப்பைக் கடைசியில் வையுங்கள்: கட்டற்ற செயலிகளுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு வழி

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும் ஊரே இரண்டு நாள் கொதித்தது. எனக்கும் கொதித்தது. அன்று இரவே எல்லாக் குடும்பக் குழுக்களிலிருந்தும் வெளியேறி, கணக்கை அழித்து, சிக்னல் என்ற கட்டற்ற செய்திச் செயலியை நிறுவிக்கொண்டு வீரனைப் போல உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பேருந்தில் பார்த்த உறவினர் ஒருவர், "காதுகுத்துக்கு ஏன் வரல?" என்றார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "பத்திரிகைய குரூப்லதான் போட்டோம். நீதானடா வெளிய போன?" என்றாள் அக்கா. மறுநாள் வாட்ஸ்அப் என் போனுக்குத் திரும்பி வந்தது.

சிக்னலில் குறை இல்லை. நான் போன வரிசையில்தான் கோளாறு. எதை மாற்றுவது கடினமோ அதில் கை வைத்துத் தோற்றுவிட்டு, சுலபமானவற்றை ஒரு வருடம் தொடாமலே இருந்தேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுக்க வருபவர்கள் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, மூடாமலே எழுந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் அக்கறையாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள்

நேற்று காலையிலிருந்து இரவு வரை போனிலும் கணினியிலும் எதையெல்லாம் திறந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் போடுங்கள்: இதை நான் மாற்றிக்கொள்ள இன்னும் எத்தனை பேரின் சம்மதம் வேண்டும்?

உலாவிக்கு பூஜ்யம். கீபோர்டுக்கு பூஜ்யம். வரைபடம், கடவுச்சொல் எல்லாமே பூஜ்யம்தான். மின்னஞ்சலுக்கு, நீங்கள் முகவரி கொடுத்து வைத்திருக்கும் வங்கியும் அலுவலகமும் கணக்கில் வரும். பத்து, இருபது என்று எழுதுவீர்கள். வாட்ஸ்அப்புக்கு நேராக "சொந்தபந்தம் மொத்தமும்" என்று எழுத வேண்டியிருக்கும். பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். மாதத்துக்கு ஒன்று போதும்.

யுபிஐ, வங்கிச் செயலி, டிஜிலாக்கர் ஆகியவற்றுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிடுங்கள். இவற்றுக்கு மாற்று தேடி அலைய வேண்டாம். போனின் இயங்குதளத்தையே மாற்றுவதும் இப்போதைக்கு வேண்டாம். கிராபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் கூகுளின் பிக்சல் போன்களில்தான் ஓடும். லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொன்றைப் போட்ட போனில் வங்கிச் செயலி திறக்க மறுக்கலாம். மீன் வாங்கிவிட்டுப் பணம் அனுப்ப முடியாமல் நிற்கும்போது தனியுரிமைக் கொள்கை கைகொடுக்காது.

ஒரு செயலியை எப்படி எடைபோடுவது

கட்டற்ற மென்பொருளைத் திறமூலம் என்றும் சொல்வார்கள். திறமூலம் என்றால் அந்தச் செயலியின் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. எடுத்துத் திருத்தி வெளியிடவும் உரிமை உண்டு. நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் அந்த நிரலைப் படிக்கப்போவதில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர் படித்து, இதில் வில்லங்கம் இருக்கிறது என்று சொல்ல வழி இருக்கிறது.

ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதாலேயே மனை நல்ல மனை ஆகிவிடாது. ஆண்ட்ராய்டின் அடிப்படை திறமூலம்தான். கூகுள் குரோம் எழுப்பப்பட்டிருக்கும் குரோமியமும் திறமூலம்தான். அதனால் கூகுள் நம் தரவைத் திரட்டுவது நின்றுவிடவில்லை. அதனால் இன்னும் மூன்றைப் பாருங்கள். இதை நடத்துபவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் என் தரவை மொத்தமாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?

இரண்டாவது கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். போனிலிருந்து கணினிக்கு நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் அருமையான மென்பொருள். அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியைப் பராமரிப்பது 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. நிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் எடுத்து சிங்க்திங்-ஃபோர்க் என்ற பெயரில் தொடர்கிறார்கள். திறமூலத்தின் பலவீனமும் பலமும் இந்த ஒரு கதையிலேயே தெரிந்துவிடும்.

உலாவி: இன்றைக்கே

பயர்பாக்ஸை நிறுவுங்கள். பிறகு அதன் மெனுவில் நீட்சிகள் பகுதிக்குப் போய் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேருங்கள். ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் இது வேலை செய்யும். குரோமில் அந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது ஓடாது. விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் தடுக்கப்படுவதால் செய்தித் தளங்கள் சட்டென்று திறக்கும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். பயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். ஆகவே நிறுவியதும் அமைப்புகளில் தேடுபொறியை மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் டக்டக்கோவுக்குப் போகிறார்கள். அது தேடுபவரின் வரலாற்றைச் சேர்த்து வைப்பதில்லை என்கிறது. ஆனால் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து வருவது, தேடுபொறி முழுவதும் திறமூலமும் அல்ல. தமிழில் தேடினால் கூகுள் அளவுக்குக் கிடைக்காது, இது என் அனுபவம். அப்படிக் கிடைக்காத நேரத்தில் தேடும் சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறியும் ஆங்கில ஜி எழுத்தும் போட்டால் கூகுளுக்கே கொண்டுபோய் விடும். பத்துக்கு இரண்டு தேடல் அப்படிப் போனாலும் பாதகம் இல்லை.

எஃப்-டிராய்டு, அப்புறம் ஓர் எச்சரிக்கை

கட்டற்ற செயலிகளை மட்டும் வைத்திருக்கும் கடை எஃப்-டிராய்டு. 2010 முதல் இருக்கிறது. பிளே ஸ்டோரில் கிடைக்காது. அதன் தளத்துக்கே போய் இறக்க வேண்டும். இறக்கும்போது, தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா என்று போன் கேட்கும். பயர்பாக்ஸுக்கு அனுமதி கொடுத்து, எஃப்-டிராய்டு நிறுவி முடித்ததும் மறக்காமல் அந்த அனுமதியைத் திரும்ப மூடிவிடுங்கள்.

மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள், அதாவது செயலியை நிறுவும் கோப்புகள், சுற்றுகின்றன. தொட்டு நிறுவினால் வங்கிக் கணக்கு காலியாகலாம். கட்டற்ற மென்பொருள் பழகுகிறேன் என்று அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். பயமாக இருந்தால் எஃப்-டிராய்டே வேண்டாம். இங்கே நான் சொல்லும் செயலிகளில் பெரும்பாலானவை பிளே ஸ்டோரிலும் உண்டு.

கீபோர்டு

நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஹெலிபோர்டு என்ற திறமூலக் கீபோர்டு இணைய அனுமதியே கேட்காது. தட்டியதை வெளியே அனுப்ப அதற்கு வழியே இல்லை. தமிழ் உண்டு. தமிழ் 99 விசை அமைப்பைப் பழகியவர்கள் இண்டிக் கீபோர்டைப் பாருங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவோடு தொடர்புடைய இண்டிக் புராஜெக்ட் செய்தது, இந்திய மொழிகளுக்கென்றே உருவானது. சொல் கணிப்பு பழைய கீபோர்டு அளவுக்கு இருக்காது. வாயால் பேசி எழுதிப் பழகியவர்களுக்குக் கை உடைந்தது போல இருக்கும். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

வரைபடம்: புயல் கற்றுக்கொடுத்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் தெருவெல்லாம் தண்ணீர். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரையும் பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுக்குப் போயாக வேண்டும், போனில் இணையம் இல்லை. வழக்கமான வரைபடச் செயலியைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டம். ஆர்கானிக் மேப்ஸில் மட்டும் முன்பே இறக்கி வைத்திருந்த வரைபடம் சந்துபொந்து வரைக்கும் அப்படியே இருந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை டீக்கடையில்தான் கேட்டேன். ஆனால் ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழி எது என்று காட்டியது. பிரதான சாலையை விட்டுப் பாகூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தேன்.

ஆர்கானிக் மேப்ஸோ ஓஸ்ம்அண்டோ ஒன்றை நிறுவுங்கள். வைஃபை இருக்கும்போது உங்கள் பகுதிக்கான வரைபடத்தை இறக்குங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை; செயற்கைக்கோள் சமிக்ஞை போதும். ஞாயிறு மாலை ஈசிஆரில் எவ்வளவு நெரிசல் என்பதை மட்டும் இது சொல்லாது.

இந்தச் செயலிகளுக்கு அடியில் இருப்பது 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப். விக்கிப்பீடியாவைப் போல யாரும் திருத்தலாம். நம் ஊர்ப் பிரெஞ்சுப் பகுதியில் வீதிகள் கோடு போட்ட மாதிரி இருப்பதால் வரைந்தவர்களுக்குச் சுலபம். உள்ளே தள்ளி இருக்கும் நகர்களிலும் கிராமங்களிலும் விடுபட்டது நிறைய. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டு மாலையில் நடந்தால், இந்தச் சாலை தார்ச்சாலையா, இந்தக் கடை எத்தனை மணிவரை என்று கேட்கும். பதிலைத் தொட்டால் வரைபடத்தில் ஏறிவிடும். இடங்களின் பெயரைத் தமிழிலும் சேர்க்க அங்கே தனி இடம் உண்டு. எங்கள் தெருவுக்கு நான் சேர்த்தேன். முன்பு அது ஆங்கிலத்தில், அதுவும் தப்பான எழுத்துக்கூட்டலில் இருந்தது.

ஆபிஸ் வேலை

லிப்ரெஆபிஸ். ஓபன்ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்தது. கடிதம், கணக்கு, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போதும். அட்டவணை நிறைந்த வேர்டு கோப்புகள் சில நேரம் கலைந்து திறக்கும். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் வம்பு இல்லை. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எதில் திறந்தாலும் கிறுக்கலாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். "லினக்ஸ், லிப்ரெஆபிஸ் எல்லாம் காலேஜ் பசங்களுக்கு" என்பவர்களிடம் நான் பிரெஞ்சு ஜாந்தார்மெரி போலீஸைப் பற்றிச் சொல்வேன். அவர்கள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தங்களுக்கேற்ப மாற்றி, பல்லாயிரக்கணக்கான கணினிகளில் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் பிரான்ஸ் என்றால் ஒரு மரியாதை, எடுபடுகிறது.

கடவுச்சொல்: மின்னஞ்சலைத் தொடும் முன்

பிட்வார்டனை நிறுவி ஒரு கணக்கு தொடங்குங்கள். இலவசப் பதிப்பே போதும். இணையத்தில் வைக்க மனமில்லை என்றால் கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, போனில் கீபாஸ்டிஎக்ஸ். குரோமில் சேர்த்து வைத்திருக்கும் கடவுச்சொற்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து இதில் இறக்கலாம். இறக்கியதும் அந்தக் கோப்பை அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். எல்லாக் கடவுச்சொல்லும் பூட்டில்லாமல் அதில் கிடக்கிறது. கண்டிப்பாக இதைக் கடைக் கணினியில் செய்யாதீர்கள். என் கடையிலும்தான்.

எல்லாவற்றையும் திறக்கும் முதன்மைச் சொல்லாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். அதை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம் பீரோவை உடைத்து வருகிற திருடனுக்கு நகை போதும். மறந்துவிட்டால்தான் ஆபத்து: பிட்வார்டன்காரர்களாலேயே திறந்து தர முடியாது.

கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீட்டுக்கு ஈஜிஸ் என்ற செயலி நல்லது. அதிலிருந்து ஒரு பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைத்த பிறகே பழைய குறியீட்டுச் செயலியை நீக்குங்கள்.

மின்னஞ்சல்: ஒரு வருட வேலை

புரோட்டான் மெயில் ஸ்விட்சர்லாந்து நிறுவனம். செர்ன் ஆய்வகத்தில் சந்தித்த அறிவியலாளர்கள் தொடங்கியது. டூட்டா ஜெர்மனி. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு, இரண்டின் செயலிகளும் திறமூலம். அஞ்சலின் உள்ளடக்கம் பூட்டிய (என்கிரிப்ட் செய்த) நிலையில் சேமிக்கப்படும். ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: எதிராளி ஜிமெயில் வைத்திருந்தால் நீங்கள் அனுப்பியது அவருடைய ஜிமெயிலில் சாதாரணமாகத்தான் கிடக்கும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் அஞ்சல்கள் வந்தபோது, புரோட்டான் மெயிலையே முடக்கும் பேச்சு எழுந்து அடங்கியது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், அதை முடக்க நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே வங்கி, ஆதார், பான் ஆகியவற்றின் முகவரியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். சொந்தக் கடிதங்களையும் புதிதாகச் சேரும் சேவைகளையும் புது முகவரிக்குக் கொடுங்கள். பழையது அப்படியே இருக்கட்டும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்பது 2023இல் வந்த விதி.

புரோட்டானில் சேர்ந்ததும் அவர்களுடைய நாட்காட்டி, சேமிப்பகம், விபிஎன், கடவுச்சொல் பெட்டி என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் பழைய வீட்டுக்காரரை விட்டுப் புது வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்த கதைதான். பிரான்சில் ஃபிராமாசாஃப்ட் என்றொரு சிறு அமைப்பு, 2014இல் இணையத்தைக் கூகுளிடமிருந்து விடுவிப்போம் என்று இயக்கம் நடத்திப் பல மாற்றுச் சேவைகளை இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் சேர்ந்ததும் 2019இல் அவர்களே, எல்லோரும் எங்களிடமே குவியாதீர்கள் என்று சொல்லிச் சில சேவைகளைப் படிப்படியாக மூடத் தொடங்கினார்கள். நான் மதிக்கும் முடிவுகளில் அது ஒன்று.

படங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் ஃபோட்டோஸில் இருக்கும் எல்லாப் படங்களையும் கூகுளின் டேக்அவுட் என்ற வசதி வழியாக இறக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டில் இருக்கிறது. இணையத்திலும் வேண்டும் என்றால் என்டே என்ற படச் சேமிப்புச் சேவை; அந்தப் பெயர் மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள்படும். படங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகும். 2024இல் அதன் சர்வர் நிரலையும் திறந்துவிட்டார்கள். நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் இரண்டும் சொந்தமாகச் சர்வர் நடத்துபவர்களுக்கு. மின்வெட்டும் மழையும் உள்ள ஊரில் வீட்டில் சர்வர் நடத்துவது ஒரு மாடு வளர்ப்பது போல. ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இடையில் எங்காவது மாட்டிக்கொண்டால் கணியம் தளத்தில் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் இருக்கின்றன. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு உண்டு, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டுவதும் சிக்னலின் நெறிமுறைதான், 2016 முதல். ஆகவே நீங்கள் அனுப்பும் வரிகளை நடுவில் யாரும் படிப்பதில்லை. யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார்கள் என்ற விவரம்தான் கேள்வி. சிக்னல் அதைக் கிட்டத்தட்டச் சேர்ப்பதே இல்லை. நன்கொடையில் நடக்கும் லாபநோக்கமற்ற அறக்கட்டளை அது. வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன்தான் 2018இல் 5 கோடி டாலர் போட்டு அதை நிறுவ உதவினார். 2025 வாக்கில் ஆண்டுச் செலவே 5 கோடி டாலரைத் தொடும் என்று 2023இல் சிக்னல் கணக்குச் சொன்னது. முடிந்தால் நூறு ரூபாய் போடுங்கள்.

டெலிகிராமை இதற்கு மாற்று என்று நினைப்பவர்கள் அதிகம். அதில் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி, பூட்டப்படுவதில்லை. சீக்ரெட் சாட் என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. சர்வர் நிரலும் திறந்ததல்ல.

சிக்னலுக்குப் போன் எண் வேண்டும். 2024இல் பயனர்பெயர் வந்துவிட்டதால் எண்ணைக் காட்டாமலும் பேசலாம். நிறுவியதும் பின் எண்ணை அமைத்து, உங்கள் எண்ணில் வேறு யாரும் பதிவு செய்யாமல் தடுக்கும் பதிவுப் பூட்டைப் போடுங்கள். போன் மாற்றும்போது பழைய போன் கையில் இருக்கும்போதே செய்திகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், குழுவை இழுத்து வர முயலாதீர்கள். ஓர் ஆளைப் பிடியுங்கள். நீங்கள் அடிக்கடி பேசும், எதையும் மறைக்காத ஒருவர். வாட்ஸ்அப் போனிலேயே இருக்கட்டும். அதன் அமைப்பில் பேக்கப்பை முனைக்கு முனை பூட்டும் வசதி 2021இல் வந்தது, அதை மட்டும் போட்டுவிடுங்கள்.

நான் பிடித்தது அக்காவை. வீடியோ காலில் முகம் தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் அவளுக்குப் பிடித்த காரணம், தனியுரிமை பற்றி நான் பேசிய எதுவும் அல்ல. வீட்டுப் பத்திர நகல், மாமாவின் மருத்துவ அறிக்கை எல்லாம் இப்போது சிக்னலில்தான் வருகின்றன. குடும்பக் குழு வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அடுத்த காதுகுத்துப் பத்திரிகை அங்கே வந்தபோது, அக்கா அதை எடுத்துச் சிக்னலிலும் எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "பாத்தியா? அப்பறம் சொல்லலன்னு சொல்லாத."